குளிக்கிற தண்ணீருக்காகக் காட்டுக்குப் போகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் கேரளத்தின் வழிக்கடவைத் தொட்டுவிடக்கூடிய தேவாலாவிலிருந்து எழுதுகிறேன். இப்பகுதிப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய ஓயாத மழை. அது ஓய்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் மார்கழிக் குளிர் வந்துவிடும். கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில், ஆண்டில் பெரும்பகுதி வெந்நீர் இல்லாமல் பொழுது விடிவதில்லை. வீட்டு உபயோகத்துக்கான மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி என்று சொல்லிவிட்டு இந்த வெந்நீரைக் கடந்துபோய்விடுகிறார்கள் என்பதாலேயே இக்கடிதம்.

போன குளிர்காலத்தில் ஒரு மாலை, சாலையோரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி தலையில் மிலாறுக் கட்டுடன் வருவதைப் பார்த்தேன். மிலாறு என்பது கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த கொம்பு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களிடம் புழங்கும் சொல். அன்று காலைதான் அதே தோட்டத்து ஓரத்தில் யானைக் கூட்டம் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். கேஸ் அடுப்பு இருக்கும்போது இந்த நேரத்தில் ஏன் போனாய் என்று கடிந்துகொண்டேன். "சோறு கேஸ்லதான் டீச்சர் ஆக்குறோம். விறகு குளிக்கிற தண்ணிக்குத்தான்" என்றாள். அந்தப் பதில் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. விறகுப் பிரச்சினையை, ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தரும் உஜ்வாலா திட்டம் வந்த 2016-ஆம் ஆண்டோடு முடிந்த கதையாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அது ஓரளவு முடிந்திருக்கலாம். குளியலறைக்கு அது வந்து சேரவேயில்லை.

வகுப்பறையில் எத்தனையோ முறை எழுதிப் போட்ட கணக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர், குளிர்காலத் தொட்டித் தண்ணீரிலிருந்து குளிக்கும் சூட்டுக்கு 25 டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், 10,500 கிலோஜூல் ஆகிறது. மின்சாரத்தில் இது 2.9 யூனிட்; இரண்டு மாத ரசீதில் 175 யூனிட். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றில் 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது, மற்றதெல்லாம் புகையோடும் காற்றோடும் போகிறது. ஆகவே இதே வெந்நீருக்கு நன்றாகக் காய்ந்த விறகே தினமும் ஐந்து கிலோ அளவுக்கு வேண்டும். நம்பிக்கை வராமல் அந்த மாணவியின் வீட்டுக்கே கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து பேர் உள்ள வீடு. ஒரு காலை வெந்நீருக்கு எரிந்த மிலாறு ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. மழையில் நனைந்த விறகென்றால் இன்னும் கூடும், புகையும் கூடும். இதையே கேஸில் காய்ச்சினால் 14.2 கிலோ உருளை தண்ணீருக்கு மட்டுமே ஐந்து வாரத்தில் தீர்ந்துபோகும். எந்தக் கூலிக் குடும்பமும் அதற்குத் துணியாது.

வசதியுள்ளவர்கள் கீசர் வாங்குகிறோம். கடையில் ஐந்து நட்சத்திரம் ஒட்டியதைக் கேட்டு வாங்கிவிட்டு மின்சாரம் மிச்சம் என்று நிம்மதியாக இருக்கிறோம். தொட்டி வைத்த கீசரில் அந்த நட்சத்திரங்கள், சூடான தண்ணீர் உள்ளே சும்மா இருக்கும்போது ஒரு நாளில் எவ்வளவு வெப்பத்தை வெளியே இழக்கிறது என்பதை வைத்து எரிசக்தித் திறன் பணியகம் கொடுப்பவை. நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டே வைக்கிற வீட்டில் அதனால் நல்ல பலன் உண்டு. ஆனால் தண்ணீரைச் சூடாக்க ஆகும் 2.9 யூனிட் ஒரு நட்சத்திரத்திலும் அதேதான், ஐந்து நட்சத்திரத்திலும் அதேதான். அதைக் குறைக்க வேண்டுமானால் சூரியனிடமிருந்தோ சுற்றியுள்ள காற்றிடமிருந்தோ வெப்பத்தை வாங்கத்தான் வேண்டும்.

சூரியனை நம்பி நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மழைமலையில் பலர் அதே தவறைச் செய்து, பிறகு சோலார் ஹீட்டரே உதவாது என்று பேசுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர் எங்கள் வீட்டில் 200 லிட்டர் அமைப்பைப் பொருத்திவிட்டுப் போனார். கண்ணாடிக் குழாய்கள் கிழக்கு பார்த்து இருந்தன. பதினொரு மணிக்கெல்லாம் பக்கத்து சில்வர் ஓக் மரத்தின் நிழல் அவற்றின் மேல் விழுந்துவிடும். தொட்டிக்குள் மழைநாளுக்கென்று ஒரு மின்சூடேற்றியும் உண்டு. அதன் சுவிட்சு எப்போதும் போட்டே இருக்கட்டும் என்றார். ஜூலை முழுக்க வெயிலே இல்லை. மூன்று பேர் அறுபது லிட்டர் பயன்படுத்தும் வீட்டில் 200 லிட்டரை இரவும் பகலும் அந்தச் சூடேற்றி காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த முறை வந்த மின்கட்டணத்தைப் பார்த்து என் கணவர் ஒன்றும் சொல்லாமல் ரசீதை மடித்து என் மேசையில் வைத்தார். மின்சாரம் மிச்சமாகும் என்று அவரை வற்புறுத்தியவள் நான்.

பிறகு நானே ஏணி ஏறிப் பார்த்து, மாற்றச் சொன்னேன். நிழல் விழாத மாடி மூலைக்கு நகர்த்தி, குழாய்களைத் தெற்கு நோக்கித் திருப்பினோம். பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுற்றிப்போன முக்கால் அங்குல வெந்நீர்க் குழாயை நேர்வழியில் சுருக்கி, நுரை உறை போட்டோம். அதற்கு முன்பு சூடு வருவதற்குள் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது வேறொன்று: பெரிய தொட்டியின் மின்சூடேற்றியை அணைத்துவிட்டு, குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்றை வைத்து, சோலார் தண்ணீரை அதன் வழியாக வரவிட்டோம். மேகமூட்டமான நாளில் மாடியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் தண்ணீரை இது மீதித் தூரம் கொண்டுபோகிறது. சுத்தமாக வெயில் இல்லாத நாளிலும் அந்தப் பதினைந்து லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர முக்கால் யூனிட்தான். அரைமணி நேரம்கூட ஆவதில்லை. பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். அக்டோபர் கடைசியிலிருந்து மே வரை பெரும்பாலான நாட்களில் கீசர் சுவிட்சைத் தொட வேண்டியதே இல்லை. மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கீசரை 45 டிகிரிக்குக் கீழே இறக்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், 60 டிகிரியில் வைத்து, தேவையான நேரத்துக்கு மட்டும் போடுவதே நல்லது.

வெயிலே கிடைக்காத பள்ளத்து வீடுகளுக்கு ஹீட் பம்ப் என்ற இன்னொரு வழி இருக்கிறது. கூடலூரில் என் தம்பி வீட்டில் வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதல்லவா, அதைப் போலவே இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் வெப்பத்தை நகர்த்த மட்டுமே செலவாவதால், நான் மேலே சொன்ன 2.9 யூனிட் வேலை ஏறக்குறைய ஒரு யூனிட்டில் முடிகிறது; மிகவும் குளிர்ந்த நாளில் சற்றுக் கூடும். முதலில் அதை மூடிய சாமான் அறைக்குள் வைத்தார்கள். அது விடும் குளிர்காற்றே அறையை நிரப்பி, அந்தக் குளிர்காற்றிலிருந்தே மறுபடி வெப்பத்தைத் தேடி இரவெல்லாம் ஓடியது. வெளித் திண்ணைக்கு மாற்றிய பிறகு சரியாகிவிட்டது. அடியில் சொட்டும் நீருக்கு ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஊரே 2,000 வாட், 3,000 வாட் கீசரைப் போட்டு மின்னழுத்தம் இறங்கும் எங்கள் மலையில், ஆயிரம் வாட்டுக்கும் குறைவாக இழுக்கும் கருவி என்பதும் பெரிய விஷயம். இதன் குறை என்றால் விலைதான், சாதாரண கீசரைப் போல் சில மடங்கு.

இந்த விலை வேறுபாட்டில்தான் அரசின் கை வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரை மின்தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மின்சாரம் உண்டாக்கும் தகடுகளுக்கு மட்டுமே. அதே கூரையில், அதே வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் அமைப்பு அந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை. எங்களுக்கு இன்னொரு பக்கத்து எல்லையான கர்நாடகத்தில், சோலார் வெந்நீர் அமைப்பு உள்ள வீடுகளுக்கு யூனிட்டுக்கு 50 காசு, மாதத்துக்கு அதிகபட்சம் 50 ரூபாய் என்று மின்கட்டணத்திலேயே கழிவு கொடுத்தார்கள். தொகை சிறியதுதான்; ஆனாலும் பெங்களூரு மொட்டை மாடிகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே இந்த அமைப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் குறைந்தபட்சம் மலை வட்டங்களுக்காவது இப்படி ஒன்றை யோசிக்க வேண்டும்.

மானியத்துக்கும் எட்டாதவர்கள் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தனித்தனிக் குளியலறையே பல இடங்களில் கிடையாது. அந்தக் கூரை, தண்ணீர் மட்டுமே நூறு கிலோ எடையுள்ள ஒரு தொட்டியைத் தாங்காது. கூடலூர்ப் பகுதியில் பழைய ஜமீன் போன்ற நில உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் சிக்கி, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாத நிலங்களில் மின் இணைப்புக்காகக் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. இவர்களுக்குச் சோலார் வெந்நீர் பொருந்தாது என்று அலுவலர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் இவர்களுக்குத்தான் அது மிகவும் பொருந்தும். சூடான நீர் தானே மேலேறும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும் என்பதால் அந்த அமைப்பு ஓட மின்சாரமே தேவையில்லை; மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும், தரையில் ஒரு சிமெண்ட் மேடையும், நிழலில்லாத இடமும் போதும். ஒரு லைனுக்கு ஒரு பொது அமைப்பும், மழை மாதங்களுக்கென்று விறகைப் பாதியாவது குறைக்கும் மூடிய அடுப்புள்ள பாய்லர் ஒன்றும் வைத்தால், அதிகாலையிலும் அந்தியிலும் தோட்டத்து ஓரத்தில் கொம்பு பொறுக்கும் வேலை பெருமளவு குறையும்.

இடையில் ஆபத்தான குறுக்குவழிகள் பரவுவதையும் குறிப்பிட்டாக வேண்டும். வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் ராடு, நில இணைப்பு இல்லாத ஈரத் தரையில், கைபட்டால் உயிரை வாங்கும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடக் கூடாது. சாளரம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பது அதைவிடக் கொடியது. அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

லைன் வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை அவ்வப்போது நடக்கிறது. சுவருக்கும் கூரைக்கும் மதிப்பீடு போடுகிறார்கள். அடுத்த முறை மதிப்பீடு எழுதும்போது, ஒவ்வொரு வரிசைக்கும் தெற்குப் பக்கத்தில் அந்தச் சிமெண்ட் மேடையையும் அதுவரைக்கும் ஒரு தண்ணீர்க் குழாயையும் சேர்த்து எழுதும்படி, தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கருவி பின்னால் வரட்டும். இடம் எங்கே என்று காட்டவும், நிழல் விழுகிறதா என்று பார்த்துச் சொல்லவும் என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
தேவாலா, பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.