தேதி அழிந்தால் திருட்டு என்று அர்த்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாவு பாக்கெட்டில் தேதி தெரியவில்லை என்றால் ‘பழைய மாவைத் தலையில் கட்டுகிறான்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். போக வேண்டியதுதான். ஆனால் கொளத்தூரில் ஆறு வருஷமாக இட்லி மாவும் மாங்காய்த் தொக்கும் விற்கிற எனக்கு, அந்தத் தேதி எங்கே போகிறது என்று தெரியும். என் பாக்கெட்டிலும் போயிருக்கிறது.

தேதியும் விலையும் அச்சடிக்க முதலில் வாங்கியது டைரக்ட் தெர்மல் லேபிள் ரோல். மை ரிப்பனே வேண்டாம், சூடு பட்டால் தாளே கறுத்து எழுத்தாகும், செலவு மிச்சம் என்றார் பாரிமுனைக் கடைக்காரர். எதில் ஒட்டப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடை வாசலில் வெயில் படும் அலமாரியில் மூன்று வாரம் இருந்த தொக்கு பாட்டில்களில் எழுத்து வெளிறிவிட்டது. நல்லெண்ணெய் கசிந்த இடத்தில் விலையும் இல்லை, தேதியும் இல்லை. பில் சீட்டுக்கும் கூரியர் உறைக்கும் சரியான தாள் அது, தொக்குக்கு ஆகாது.

பிறகு ரிப்பனில் உள்ள மையைச் சூட்டால் லேபிளில் பதிக்கும் ரிப்பன் மிஷின், பளபளப்புத் தாளான க்ரோமோ லேபிள், மெழுகு மை பூசிய வேக்ஸ் ரிப்பன் வாங்கினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு பாக்கெட் வேர்க்குமல்லவா, அந்த ஈரத்தில் தாள் ஊறி, விரல் பட்டதும் திரிதிரியாக உரிந்தது. சரி என்று நனையாத பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக் லேபிளுக்கு மாறினேன். ரிப்பன் மட்டும் பழைய வேக்ஸ்தான், நான்கு ரோல் மிச்சம் இருந்ததே! நகத்தால் லேசாகக் கீறினால் கண்மை மாதிரி ஈஷிக்கொண்டு வந்தது. மிஷின் பார்க்க வந்த பையன்தான் சொன்னான்: “அக்கா, வேக்ஸ் தாளுக்கு. பிபிக்கு மெழுகோட பிசினும் கலந்த வேக்ஸ்-ரெசினாவது போடணும். எண்ணெய் படுற சாமானுக்குப் பிசின் மையான ரெசின்தான். ரெசின் போட்டா ஹீட்டைக் கூட்டி, ஸ்பீடைக் குறைங்க.” ரிப்பன் லேபிளைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் மிஷினில் அச்சடிக்கும் ஹெட் தேயாது என்றும் சொன்னான். அதற்குள் ஒரு ஹெட் போயிருந்தது.

இப்போது மாவுக்கு வேக்ஸ்-ரெசின், தொக்குக்கு ரெசின். ரெசின் விலை கூடத்தான். புது லேபிள் ரோல் வந்தால் முதலில் வெறும் லேபிளை நகத்தால் அழுத்திக் கீறுவேன். கறுங்கோடு விழுந்தால் அது டைரக்ட் தெர்மல். பிறகு அச்சடித்த லேபிளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் துணியால் தேய்த்துப் பார்ப்பேன். மாவு பாக்கெட்டுக்கு லேபிளை ஃப்ரிட்ஜில் வைக்கும் முன்பே ஒட்டிவிடுவேன். வேர்த்த பாக்கெட்டில் பசை பிடிக்காது.

லேபிளில் இருப்பது அழியாததாக, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) லேபிள் விதி. அழிந்தால் கேள்வி எங்களிடம்தான் வரும், நியாயம்தான். ஆனால் ரிப்பன் ரோலைப் பிரித்துப் பார்த்தால் அகலமும் நீளமும் மட்டுமே போட்டிருக்கிறது. விற்பவர்கள் அதன் அட்டைக் குழாயில் ‘வேக்ஸ், தாளுக்கு மட்டும்’, ‘ரெசின், எண்ணெய் தாங்கும்’ என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்கக் கூடாதா? வீட்டிலிருந்து உணவு தயாரிப்பவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் லைசென்ஸ் வாங்குவதைச் சொல்லித் தரும் நாளில், லேபிளுக்கும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாவு வியாபாரி,
கொளத்தூர், சென்னை – 99.