சொல்லுக்கு எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தத் தளம் சொல்லுக்கு எவ்வளவு தருகிறது என்று அட்டவணை போட்டிருந்தீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் எழுத்திலேயே காலம் தள்ளுகிறவள் நான். அந்த அட்டவணையை நாங்கள் கடைசியில்தான் பார்ப்போம். பணம் எப்போது, எந்த வழியாகக் கைக்கு வரும் என்பதுதான் முதல் கேள்வி.

ஆரம்பத்தில் நானும் தொகையைப் பார்த்து மயங்கியவள்தான். ஒரு தளத்தில் விகிதம் தாராளம். ஆனால் குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் எடுக்க முடியும். இன்னும் இரண்டு கட்டுரை எழுதினால் போதும் என்றிருந்தபோது அந்த வரம்பை இரட்டிப்பாக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் நெருங்கினேன். ஒரு நாள் தளமே திறக்கவில்லை. பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. பலரிடம் கட்டுரை வாங்கி வெளியிட்ட அசோசியேட்டட் கன்டென்ட் தளத்தை 2010-ல் வாங்கிய யாஹூ, அதை யாஹூ வாய்சஸ் ஆக்கி, 2014-ல் மூடிவிட்டது. படிப்பவர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறுகச் சிறுக வந்துகொண்டிருந்த வருமானம் அத்தோடு நின்றது.

தளங்கள் கழிவு (கமிஷன்) பிடிப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஃப்ரீலான்ஸ் வேலை தேடித்தரும் ஃபைவர் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. மீதியை எடுக்க, புதியவர்கள் வேலை முடிந்து 14 நாள் காத்திருக்க வேண்டும். அதிகம்தான். ஆனால் முன்பே சொல்லிவிடுகிறார்கள், கணக்குப் போட்டுக்கொண்டு இறங்கலாம்.

கட்டுரையை நிராகரித்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பரை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு வாடிக்கையாளருக்கு 800 சொற்கள் எழுதினேன். (இப்படிப்பட்ட தலைப்புகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன, சிரிக்க வேண்டாம்.) 'தரம் போதவில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. மூன்று வாரம் கழித்து வேறொரு பெயரில் அதே கட்டுரை வெளியாகியிருந்தது. எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான்காம் பத்தியில் 'வெதுவெதுப்பான' என்ற சொல்லை நான் கை தவறி இருமுறை தட்டியிருந்தேன். அங்கும் இருமுறை இருந்தது. தளத்தில் புகார் செய்தேன். நிராகரித்த கட்டுரைமீது உரிமை யாருக்கு என்று அவர்களின் விதிகளில் ஒரு சொல்கூட இல்லை. அன்று முதல், விதிகள் பக்கத்தில் அதைத் தேடிப் பார்க்காமல் எங்கும் கணக்குத் தொடங்குவதில்லை.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. எழுதியது மனிதரா இயந்திரமா என்று மென்பொருள் தீர்ப்புச் சொல்கிறது; அதை வைத்துப் பணத்தை நிறுத்துகிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. செய்தவர்களே கைவிட்ட வித்தையை நம்பி என் உழைப்பைத் தள்ளுபடி செய்வது என்ன நியாயம்? மேல்முறையீட்டைப் படிக்க ஒரு மனிதராவது இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சேருகிறேன்.

நான் அதிக நாள் தங்கிய தளம் தங்கள் அட்டவணைப்படி கடைசி வரிசைக்காரர்களில் ஒன்று. விகிதம் சுமார். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பணம் வரும். ஆறு ஆண்டுகளில் ஒரு வெள்ளி தவறியதில்லை. அங்கே கட்டுரைகளைத் திருத்தும் ஓர் ஆசிரியை இருந்தார். முதல் மாதம் என் கட்டுரை ஒன்றைத் திருப்பி அனுப்பி, 'உங்கள் கட்டுரை மூன்றாம் பத்தியில்தான் தொடங்குகிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். கோபம் வந்தது. முதல் இரண்டு பத்திகளை வெட்டிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இன்றும் எதை எழுதினாலும் மூன்றாம் பத்தியை ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையும் பார்த்தேன்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது எத்தனை நாளில் பணம், நிராகரித்தால் உரிமை யாருக்கு என்ற இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துவிடுங்கள். தங்கள் நாளிதழ் வெளியார் கட்டுரைகளுக்கு எத்தனை நாளில் சன்மானம் அனுப்புகிறது என்பதையும் அதிலேயே ஒரு வரியாகப் போட்டுவிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி