கிராமத்துக்குப் போகுமுன் முகவரியையும் பெயரையும் நேராக்குங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிஸ் புறநகர்களில் வாடகை கட்டி மாளாமல் எம்மவர் குடும்பங்கள் சில கிறேஸ், ஓர்ன், ஐன் போன்ற மாவட்டங்களின் சிறு ஊர்களுக்குக் குடிபோகின்றன. வீடு மலிவு, பிள்ளைகள் ஓடி விளையாட இடமுண்டு. ஆனால் போன சில மாதங்களிலேயே காஃப் (குடும்ப, வீட்டு உதவி தரும் அலுவலகம்) பணம் நின்றுவிட்டது, கார்த் விதால் (மருத்துவக் காப்புறுதி அட்டை) வேலை செய்யவில்லை, விசா அட்டை (வதிவிட அனுமதி அட்டை) புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள் என்ற முறைப்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. பழி ஊரின்மேல் விழுகிறது. தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: முகவரி ஓரிடத்தில் ஒருமாதிரி, பெயர் இன்னோரிடத்தில் வேறுமாதிரி.

முதலில் முகவரி. பிரெஞ்சுக் கிராமங்களில் பல வீடுகளுக்கு அண்மைக்காலம் வரை இலக்கமே கிடையாது. 'லியு தி' என்று சொல்லப்படும் இடப்பெயர் மட்டும்தான். பழைய தபாற்காரருக்கு எல்லா வீடும் தெரியும், கணினிக்குத் தெரியாது. 2022 பெப்ரவரியில் வந்த சட்டம் 2,000 பேருக்குக் குறைந்த ஊர்களும் தெருக்களுக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் வைக்க வேண்டும் என்றாக்கியது. அதனால் ஒரே வீட்டுக்குப் பழைய முகவரியும் புதிய முகவரியும் இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் பழையது, மின்சாரப் பட்டியலில் புதியது என்றால், பிரெபெக்சரில் (மாவட்ட அரச நிருவாக அலுவலகத்தில்) கோப்பைப் பார்ப்பவருக்கு அவை இரண்டு வெவ்வேறு வீடுகள். வீடு எடுத்ததும் மெரிக்கு (ஊர் நகரசபைக்கு) போய் இலக்கமும் தெருப்பெயரும் போட்ட சான்றைக் கேளுங்கள். 'செர்த்திஃபிக்கா தத்ரெசாஜ்' என்று கேட்டால் விளங்கும். அதில் உள்ளபடி எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

மின்சார ஒப்பந்தத்தைக் கணவன் பெயரில் மட்டும் எடுப்பது எம்மவர் வழக்கம். பிறகு மனைவி தன் அட்டையைப் புதுப்பிக்கும்போது அவருக்கு முகவரிச் சான்று இருக்காது. ஒப்பந்தம் எடுக்கும் அன்றே இருவர் பெயரையும் போடச் சொன்னால் செலவு ஏதுமில்லை. கையால் எழுதிய வாடகைப் பற்றுச்சீட்டை நம்பியிருக்க வேண்டாம். பல அலுவலகங்கள் அதை ஏற்பதில்லை. சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்கள், தன் வீட்டில் தங்கவைத்திருப்பதாக அவர் கையெழுத்திட்ட 'எபெர்ஜ்மான்' கடிதம், அவருடைய அடையாள அட்டையின் பிரதி, அவர் பெயரில் உள்ள புதிய மின்சாரப் பட்டியல் மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு முழுமையாகாது.

தபாற்பெட்டியில் அந்த வீட்டில் கடிதம் வரக்கூடிய எல்லாருடைய குடும்பப் பெயரும் இருக்க வேண்டும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். விசா அட்டை பற்றிய கடிதம், வங்கி அட்டை, கார்த் விதால் எல்லாம் இப்படித்தான் காணாமல் போகின்றன. பதிவுத் தபாலைத் தபாலகத்தில் 15 நாட்கள் மட்டும் வைத்திருப்பார்கள். போய் எடுக்காவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. தபாற்காரர் வந்து சீட்டுப் போட்ட நாளிலேயே அது கிடைத்துவிட்டதாகச் சட்டம் கணக்கிடும், மேன்முறையீட்டுக்கான தவணையும் அன்றே ஓடத் தொடங்கும்.

அடுத்தது பெயர். எம்மவருக்கு இது முகவரியைவிடப் பெரிய சிக்கல், ஏனென்றால் எங்கள் பெயர்முறைக்கும் பிரெஞ்சு முறைக்கும் பொருத்தம் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று எழுதும் எங்களிடம் 'நோம்' (குடும்பப் பெயர்) எது, 'பிரெனோம்' (சொந்தப் பெயர்) எது என்று கேட்டால் ஒரு அலுவலகத்தில் ஒன்றும் இன்னொன்றில் மற்றதும் போய்விடுகின்றன. குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ள இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இன்னும் கடினம். திருமணமான பெண்கள் கணவனின் பெயரைத் தம் பெயருக்குப் பின்னால் எழுதுவார்கள். பிரான்சில் பிறப்புப் பெயர்தான் சாகும்வரை சட்டப்பெயர். 1794 முதல் அங்கே அதுதான் சட்டம். கணவன் பெயர் 'நோம் துசாஜ்' (பாவனைப் பெயர்) என்ற கட்டத்துக்கு மட்டும் உரியது. அதைப் பிறப்புப் பெயர்க் கட்டத்தில் எழுதினால் சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஒரு பெயரிலும் விசா அட்டை இன்னொரு பெயரிலும் உருவாகும். பிறகு ஓய்வூதியம் எடுக்கும் வயதில்தான் பாதி வருட வேலை கணக்கில் சேரவில்லை என்று தெரியவரும்.

திருத்த வேண்டுமானால் மூலத்திலிருந்து தொடங்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு ஒஃப்பிரா (அகதிகளுக்கான பிரெஞ்சு அலுவலகம்) தரும் பிறப்புச் சான்றுதான் மூலம். அதை இணையத்தில் இலவசமாகக் கேட்டு எடுக்கலாம், இலங்கைத் தூதரகத்துக்குப் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. அதில் எழுத்துப்பிழை இருந்தால் முதலில் ஒஃப்பிராவுக்கே எழுதுங்கள். புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களின் பதிவு நாந்த் நகரத்திலுள்ள மத்தியப் பதிவகத்தில் இருக்கும், அதுவும் இலவசம். மற்றவர்கள் பிறப்புச் சான்றிதழை நீதிமன்றப் பட்டியலில் உள்ள, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். அப்போது கடவுச்சீட்டையும் காட்டி, இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வரும்படி பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கணினி அதை வேறு ஆளாகவே எடுக்கும்.

சமூகப் பாதுகாப்பு இலக்கம் 1 அல்லது 2இல் தொடங்கினால் அது நிரந்தர இலக்கம். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் பிறந்த வருடம், மாதத்துக்கு அடுத்து 99 வரும். 7 அல்லது 8இல் தொடங்கினால் அது தற்காலிக இலக்கம், பிறப்புச் சான்று இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள். அதை வைத்துக்கொண்டே வருடக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. ஊர் மாறுமுன் அதை நிரந்தரமாக்கிவிட வேண்டும்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போகும்போது ஒழுங்கு முக்கியம். விசா அட்டை வைத்திருப்பவர் மூன்று மாதத்துக்குள் புதிய முகவரியை அனெஃப் என்ற, வெளிநாட்டவருக்கான அரச இணையத்தளத்தில் அறிவிக்க வேண்டும். கார்த் கிறீஸுக்கு (வாகனப் பதிவுப் பத்திரத்துக்கு) ஒரு மாதம்தான் தவணை. முதல் மூன்று முகவரி மாற்றங்களுக்கு ஒட்டுச்சீட்டு வரும், பணம் கட்டத் தேவையில்லை, மாற்றாமல் பிடிபட்டால் 135 யூரோ. செர்விஸ் புப்ளிக் என்ற அரச இணையத்தளத்தில் ஒரே தடவையில் பல அலுவலகங்களுக்கு முகவரி மாற்றம் அனுப்பும் வசதி உண்டு, ஆனால் அதோடு விசா அட்டை வேலையும் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. காஃப் கோப்பு பழைய மாவட்டத்திலிருந்து புதியதற்கு மாற்றப்படும். வீட்டு உதவி இடையில் நிற்பது இந்த மாற்றத்தால்தான். பழைய வீட்டை விட்ட திகதி, புதிய வாடகை ஒப்பந்தம் இரண்டையும் குடிபோன கிழமையிலேயே ஏற்றினால் இடைவெளி குறையும்.

பலர் அறியாத ஒன்று: பாரிஸில் உணவகத்தில் வேலை செய்தவர் கிராமத்தில் காளான் பண்ணையிலோ திராட்சைத் தோட்டத்திலோ சேர்ந்தால் அவருடைய மருத்துவக் காப்புறுதி விவசாயத்துறைக்கான எம்எஸ்ஆவுக்கு மாறும். குடும்பக் கொடுப்பனவையும் அதுவே பார்க்கும் நிலை வரலாம். பழைய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சம்பளச் சீட்டில் எந்த நிதியத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அங்கே போங்கள். குடும்ப மருத்துவரையும் புதிதாகப் பதிய வேண்டும். அப்படிப் பதியாமல் மருத்துவரிடம் போனால் 70 வீதத்துக்குப் பதில் 30 வீதம்தான் திரும்பக் கிடைக்கும். கிராமங்களில் புதிய நோயாளிகளை எடுக்காத மருத்துவர்கள் அதிகம், ஆகவே வீடு பார்க்கப் போகும் நாளிலேயே மருத்துவரையும் விசாரியுங்கள். பாரிஸ் மருத்துவர் சம்மதித்தால் மாற்று ஆள் கிடைக்கும்வரை அவரையே வைத்திருக்கவும் சட்டத்தில் தடையில்லை.

இப்போது மிகவும் வேதனையான விடயத்துக்கு வருகிறேன். படிவம் நிரப்பிக் கொடுக்கப் பணம் வாங்கும் ஆட்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பணம் வாங்குவதைவிட மோசமானது, அவர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசி இலக்கத்தையும் போட்டுக் கணக்குத் திறப்பது. அனெஃப் தளத்தில் கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஒரு பத்திரம் குறைகிறது என்று செய்தி அனுப்புவார், தவணையும் போடுவார். அந்தச் செய்தி படிவம் நிரப்பியவருக்குப் போகும். அவர் கவனிக்கமாட்டார், அல்லது திரும்பவும் பணம் கேட்பார். தவணை முடிந்ததும் கோப்பு மூடப்படும், விசாக்காரருக்கோ ஒன்றுமே தெரியாது. மின்னஞ்சலும் கைபேசி இலக்கமும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே வேறொருவர் மின்னஞ்சலில் கணக்கு இருந்தால் ஊர் மாறுமுன் அதை மாற்றிவிடுங்கள்.

இதே உதவியை இலவசமாகச் செய்ய அரசே இடம் வைத்திருக்கிறது. 2020 முதல் பிரான்ஸ் செர்விஸ் என்ற பெயரில் கிராமப் பகுதிகளில் நிலையங்கள் திறக்கப்பட்டன. இன்று நாடு முழுவதும் 2,700க்கு மேல் இருக்கின்றன. காஃப், மருத்துவக் காப்புறுதி, எம்எஸ்ஆ, வருமான வரி, பிரான்ஸ் திராவாய் (வேலைவாய்ப்பு அலுவலகம்), ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அங்கே பணியாளர் உங்களோடு இருந்து கணினியில் செய்து தருவார். தொலைபேசியில் நேரம் எடுத்து, மூலப் பத்திரங்களோடும் கைபேசியோடும் போங்கள், ஏனென்றால் உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி அதற்குத்தான் வரும். மொழி தெரியாதவர் பிள்ளையை அழைத்துப் போகலாம், ஆனால் பள்ளி நேரத்தில் அல்ல. வெளிநாட்டவர் கோப்புகளில் சிக்கல் வந்தால் பிரெபெக்சரில் உள்ள 'புவான் தக்கெய் நுமெரிக்' என்ற இடத்தில் கணினி உதவி கிடைக்கும். இணையத்தை மட்டும் கட்டாயமாக்கிவிட்டு, அதில் முடியாதவருக்கு மாற்று வழி கொடுக்காமல் இருக்க முடியாது என்று 2022 ஜூன் 3ஆம் திகதி பிரெஞ்சு உயர் நிருவாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா தீர்ப்பளித்தது. கதவை அடைத்துவிட்டார்கள் என்று திரும்பி வராதீர்கள். இணையத்தில் முடியவில்லை என்பதைப் படம் எடுத்து, பதிவுத் தபாலில் எழுதுங்கள். மாவட்டங்களில் தெஃபான்சர் தே துருவாவின் (மக்கள் உரிமைகளைக் காக்கும் அரச அமைப்பின்) பிரதிநிதிகளும் இலவசமாகச் சந்திப்பார்கள்.

அனெஃபில் அட்டை புதுப்பிக்கும் காலம் முடிவுத் திகதிக்கு நான்கு மாதம் முன்பிலிருந்து இரண்டு மாதம் முன்வரை. சுவர் நாட்காட்டியில் அந்த இரண்டு திகதிகளையும் குறித்துவிடுங்கள். முழுமையான விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் பதில் இல்லையென்றால் பெரும்பாலான விசா வகைகளில் அது மறுப்பு என்றே சட்டம் கொள்ளும். மற்ற அலுவலக விடயங்களில் மௌனம் சம்மதம் என்பது பொதுவிதி, இதில் நேர்மாறு. அந்த மறுப்பை எதிர்த்து நிருவாக நீதிமன்றம் போக இரண்டு மாதம் உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர் அந்த இரண்டு மாதத்துக்குள் சட்ட உதவி கேட்டுவிட்டால் தவணை நிற்கும். பொறுமையாக இருந்தால் வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்குப் பிறகு உதவுவது மிகக் கடினம்.

வீடு வாங்குவோருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பல கிராம வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, தோட்டத்தில் மலக்குழி இருக்கும். அதைச் சோதிக்கும் அலுவலகம் ஸ்பாங்க். விற்பவர் மூன்று வருடத்துக்குட்பட்ட அறிக்கை தர வேண்டும். அதில் பொருத்தமில்லை என்றிருந்தால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் தன் செலவில் திருத்த வேண்டும். ஆகவே கையெழுத்திடுமுன் அந்தச் செலவுக்கு விலைப்புள்ளி எடுத்து வீட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள். எங்கள் சமையல் எண்ணெயும் கிருமி கொல்லும் ஜாவெல் தண்ணீரும் அந்தக் குழியின் பெரிய எதிரிகள். எண்ணெயைப் போத்தலில் சேர்த்துக் குப்பை நிலையத்தில் கொடுங்கள். வீட்டுக் கோடியில் தகரக் கொட்டில் போட்டுச் சமைக்க விரும்புவோர், ஐந்து சதுர மீற்றருக்கு மேல் என்றால் மெரியில் முன்னறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். 20 சதுர மீற்றரைத் தாண்டினால் கட்டட அனுமதி தேவை.

சிறு ஊர்களின் மெரி கிழமையில் இரண்டு அரைநாள் மட்டும் திறந்திருக்கலாம், ஆகஸ்டில் அதுவும் இல்லாமல் போகலாம். எம்மவர் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான் வீடு மாறுகிறார்கள். பள்ளிப் பதிவுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் மெரியின் பத்திரம் ஜூனிலேயே கையில் இருக்க வேண்டும் என்பதால், இக்கடிதத்தைக் கோடை தொடங்குமுன் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் மாதம் ஒரு சனிக்கிழமை, பிரெஞ்சு நன்றாக எழுதத் தெரிந்த இளையோரைக் கொண்டு, அவரவர் மின்னஞ்சலில் அவரவர் கணக்கைத் திறந்து கொடுக்கும் வேலையை மட்டுமாவது எடுத்துச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லிமோஜ் அருகே, பிரான்சு