தரங்கம்பாடியைக் காதாலும் பார்க்கலாம்: சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தரங்கம்பாடிக்கு ஓர் ஒலிநடை செய்து தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். கைப்பேசியில் இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு, குரல் காட்டும் வழியில் ஊரைச் சுற்றி வருகிற ஏற்பாடு. தரங்கம் என்றால் அலை. பெயரிலேயே சத்தம் இருக்கிற ஊருக்கு இதுவரை வெறும் தகவல் பலகைதானா?

இப்போது வருகிறவர்கள் 1792-ல் கட்டிய நுழைவாயில் வழியே வந்து, கிங்ஸ் தெருவில் நேரே நடந்து, டேனிஷ் கோட்டையில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டை எழுந்த 1620-ல்தான் ஊரே பிறந்தது என்று நினைப்பார்கள் போல. நீங்கள் நடையைத் திருப்பிப் போடுங்கள். கடலோர மாசிலாமணிநாதர் கோயிலில் தொடங்குங்கள். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துங்கள், அலை மட்டும் கேட்கட்டும். பின்னணியில் புல்லாங்குழல் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் கோட்டை. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் அனுமதி வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார் என்பார்கள். அந்த இடத்தில் ஒரு குழந்தை அ, ஆ சொல்லட்டும். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இங்கேயே அச்சாகி முடிந்தது. 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவர் கல்லறை. அங்கே போய் நிற்கும்போது காதில் அச்சு இயந்திரத்தின் சத்தம் ஓடினால் எப்படி இருக்கும்!

மீனவர் தெருவை விட்டுவிடாதீர்கள். கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள் அவர்கள். 2004 சுனாமியைப் பற்றிப் பேச மனம் உள்ளவர்கள் மட்டும், தங்கள் குரலில், தங்களுக்கு வேண்டிய அளவு பேசட்டும். குரலுக்குக் கூலியும் கொடுங்கள். வேறோர் ஊரில் வாடகைக்கு ஒலிக்கருவி எடுத்தேன். “தாங்கள் இப்போது காண்பது…” என்று செய்தி வாசிக்கிற குரல். மூன்றாவது நிறுத்தத்திலேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

சில்லறை விஷயங்களும் உண்டு. சிக்னல் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், தெருவில் பைக் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வெயிலில் யாரும் நடக்கமாட்டார்கள்.

நடை நுழைவாயிலில் முடியட்டும். 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பிய கதையை அங்கே சொல்லலாம்.

பதிவு எடுக்கும் நாளில் மைக் பிடிக்க ஆள் குறைந்தால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
தரங்கம்பாடிக்கு அடிக்கடி வந்துபோகும் ஒருவன்