ஏறும் குழந்தையிடம் என்ன சொல்வது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் திடலில் ஆடித் தீர்ப்பதும் நீங்கள் ஓரமாக நின்று பார்ப்பதும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அங்கே ஓயாமல் காதில் விழும் ஒரு குரலைப் பற்றி எழுதுகிறேன்: “பார்த்து, விழுந்துவிடுவாய்!”

அது பாசத்தில் எழும் குரல்தான். ஆனால் ஏணிக்கம்பியிலிருந்து இறங்கும் ஒரு சிறுமியைக் கவனியுங்கள். இரு கைகளும் மேல்கம்பியை இறுகப் பற்றியிருக்கின்றன. வலது கால் கீழ்க்கம்பியைத் துழாவுகிறது. பெருவிரல் அதைத் தொடும் நேரத்தில் கீழிருந்து கூச்சல். அவள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்; கால் நழுவுகிறது. அதுவரை அவள் நிதானமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். “கம்பி ஈரமாக இருக்கிறதா, தொட்டுப் பார்.” “அடுத்த காலை எங்கே வைக்கப்போகிறாய்?” “எந்தப் பக்கமாக இறங்குவாய்?” பல நேரங்களில் வாய் திறக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலே போதும். தயங்கும் குழந்தையை “உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஏறுகிறார்களே” என்று உந்துவதும் தவறு. “போதும் என்று தோன்றினால் இறங்கிவிடு” என்று சொல்லுங்கள். தானாக ஏற முடியாத உயரத்தில் நீங்களே தூக்கி உட்காரவைக்காதீர்கள். ஏறிய வழி தெரியாத பிள்ளைக்கு இறங்கும் வழியும் தெரியாது.

நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007இல் இப்படிக் கொஞ்சம் ஆபத்து கலந்த விளையாட்டுகளை ஆறாக வகைப்படுத்தினார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகே ஆடுவது, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் சுற்றுவது. படித்ததும் நம் சிறுவயது நினைவுக்கு வரவில்லையா? கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் 2024இல் இவ்விளையாட்டு உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்று அறிவித்து, தேவையான அளவு பாதுகாப்பே போதும் என்றது.

குழந்தையால் கணிக்க முடியாத ஆபத்துகள் வேறு. உளுத்த கிளை, ஆட்டங்கண்ட கம்பி, வாகனம் வரும் சாலை, ஆழமான நீர்: இங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. “நில்!” என்று அதட்டுங்கள், ஓடிப் பிடியுங்கள். நாள் முழுவதும் அதட்டினால் அந்த ஒரு “நில்” காதில் ஏறாது. சைக்கிள் ஹெல்மெட்டையும் கழுத்துக் கயிறுகளையும் கழற்றிய பிறகே கம்பிகளில் ஏறவிடுங்கள். வார் சிக்கினால் கழுத்து நெரிபடும்.

திடலின் கம்பிகளையும் மரங்களையும் சரிபார்ப்பது எங்கள் பொறுப்பு. தலையில் அடிபட்டால் உடனே உங்களை அழைப்போம். முட்டி சிராய்த்து வீடு வந்தால், “யார் தள்ளியது?” என்று தொடங்காமல், “என்ன நடந்தது, சொல்” என்று கேளுங்கள். முழுக்கதையும் வரும், தள்ளியவர் யாராவது இருந்தால் அதுவும் வரும், அப்போது என்னிடம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்