சாலை கடக்க உதவும் பெரியவருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் நன்றி

அயர்லாந்தின் கில்கென்னி, கார்லோ, வாட்டர்ஃபோர்டு பக்கத்துத் தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும்,

என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார், இரவில் தூங்குகிறார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. சொல்ல வந்தது நன்றி மட்டும்தான்.

பள்ளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தலைமையாசிரியையின் கையில் கொடுத்துவிட்டேன். ஆனாலும் நெஞ்சில் நிறைந்திருப்பதைத் தமிழில் சொன்னால்தான் எனக்குச் சொன்னதாக ஆகும். அதோடு, எங்கள் வீட்டுக்காக அத்தனை பாடுபட்ட உங்களுக்கே அந்தப் பள்ளியில் எங்கள் பெண்ணுக்குக் கிடைத்தது என்னவென்று முழுதாகத் தெரியாது. டப்ளின் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நான் அலைந்துகொண்டிருந்த மாதங்களில் எனக்கே அது பாதிதான் தெரியும்.

ஜூன் மாதக் கடைசி வாரத்தில், கோடை விடுமுறைக்கு முன்பு, பிள்ளைகளின் ஆண்டுச் சாதனைகளைக் கொண்டாட ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரும் சோப்பு டப்பாவும் கொடுப்பார்கள். மற்ற எல்லாரும் கைதட்டுவோம். இங்கே கைதட்ட மட்டும் வந்த பிள்ளை என்று ஒருவரும் இல்லை. பிள்ளைகள் முதலில் சேரும் ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் வகுப்பில் தொடங்கி ஆறாம் வகுப்புவரை ஒவ்வொரு பெயரையும் ஆசிரியர்கள் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயரோடும் ஒரு வாக்கியம் இருந்தது. நாலு வயதில் சேர்ந்த ஒரு பொடியன் தன் கோட்டின் ஜிப்பைத் தானே போடக் கற்றுக்கொண்டதற்காக எழுந்து நின்றான். மார்ச் 1 முதல் 17 வரை நடக்கும் ஐரிஷ் மொழி விழா நாட்களில், விளையாட்டு நேரத்தில்கூட ஐரிஷிலேயே பேசிய இரண்டாம் வகுப்புச் சிறுமி எழுந்தாள். கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுச் சேமிப்புச் சங்கம் நடத்தும் விநாடி வினாவில் பள்ளிக்காக ஆடிய நால்வர், சுற்றுச்சூழலைப் பேணும் பள்ளிகளுக்குத் தரும் பச்சைக் கொடியைப் புதுப்பிக்க ஆண்டு முழுவதும் குப்பையை எடைபோட்டுக் குறித்து வைத்த குழு, டின் விசில் என்ற சிறு குழலில் தேசிய கீதம் வாசித்த மூன்றாம் வகுப்பு முழுவதும் என்று வரிசையாக வந்தார்கள். அம்மாவைப் பிரிந்து வகுப்புக்குள் போக ஆண்டின் தொடக்கத்தில் தினமும் அழுத ஒரு பையனை, ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாளும் அழவில்லை என்று சொல்லிப் பாராட்டினார்கள். அரங்கமே ஆர்ப்பரித்தது. அவன் கூச்சத்தில் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

நான்காம் வகுப்பு வந்தது. எங்கள் பெண்ணின் பெயரைக் கூப்பிட்ட ஆசிரியை சொன்னார்: "இவள் இந்த ஆண்டு இடப்பக்கத்திலிருந்து பந்தை அடிக்கக் கற்றுக்கொண்டாள்."

இவர் கடைசி வரிசையில், போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் எத்தனையோ கேட்டும் அழாத மனிதர், அந்த வாக்கியத்தைக் கேட்டு அழுதார். ஏன் என்று புரிய, இந்த ஊர் விளையாட்டையும் அந்தப் பெரியவரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கில்கென்னிக்குப் புதிதாக வந்த செவிலியர் குடும்பங்களுக்காக இதைச் சொல்கிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹர்லிங் என்பது மர மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் ஐரிஷ் ஆட்டம். அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை 36 முறை வென்ற மாவட்டம் இது. வேறெந்த மாவட்டமும் இத்தனை முறை வென்றதில்லை. பெண்கள் ஆடும்போது அதே ஆட்டத்துக்குக் கமோகி என்று பெயர். 2016, 2020, 2022 ஆண்டுகளில் நம் மாவட்டப் பெண்கள் அதிலும் பட்டம் வென்றார்கள். இந்த ஆட்டத்தை யுனெஸ்கோ 2018இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே பிள்ளைகள் புத்தகப்பையோடு மட்டையையும் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கு நடக்கிறார்கள். மட்டை இல்லாத பிள்ளை பயிற்சி நாளில் தனியாகத் தெரியும்.

வசந்தகாலத்தின் தொடக்கத்தில், எல்லாம் மிக மோசமாக இருந்த வாரத்தில், எங்கள் பெண்ணின் மட்டை கைப்பிடியோடு முறிந்துவிட்டது. அவள் எங்களிடம் சொல்லவில்லை. முறிந்த இரண்டு துண்டையும் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, பயிற்சி கொஞ்ச நாள் கிடையாதாம் என்றாள். அப்பா அந்த நிலையில் இருக்க, அம்மா இரவுப் பணியும் பயணமுமாக இருக்க, இன்னொன்றைக் கேட்க வேண்டாம் என்று பத்து வயதில் அவளே முடிவெடுத்திருக்கிறாள்.

கண்டுபிடித்தவர் பள்ளி வாசலில் சாலை கடக்க உதவும் பெரியவர். மஞ்சள் கோட்டும், நிறுத்தப் பலகை பொருத்திய நீளக் கம்புமாக, மழையானாலும் பனியானாலும் காலையும் மாலையும் அங்கே நிற்பவர். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் எழுதவில்லை. அத்தனை பிள்ளைகள் கடந்துபோகும் இடத்தில், ஒரு குழந்தை இரண்டு பயிற்சி நாட்களாக வெறுங்கையோடு வருவதை அவர் கவனித்திருக்கிறார். மட்டை எங்கே என்று ஒரே ஒரு கேள்வி. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் எப்படி இருக்கிறது, அப்பா எப்படி இருக்கிறார் என்று எல்லாரும் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. நேராக நில் என்று மட்டும் சொல்லி, கையிலிருந்த நிறுத்தக் கம்பை அவள் காலருகே ஊன்றி, இடுப்பெலும்பு எங்கே வருகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். மட்டையின் நீளத்துக்கு இங்கே அதுதான் கணக்கு, தரையிலிருந்து இடுப்புவரை. அந்தக் கோடு இன்னும் கம்பில் இருக்கிறது. போய்ப் பார்த்துத் தொட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் அவள் கையில் ஒரு மட்டை இருந்தது. கடையில் வாங்கியதல்ல. அவர் மகள் ஊர்க் குழுவுக்கு ஆடிய காலத்தில் அவரே செதுக்கிக் கொடுத்த மட்டை. வளர்ந்தவர் கைக்கானதைப் பத்து வயதுக் கைக்கு ஏற்ப நீளம் குறைத்து, கனம் குறைத்து, அகன்ற முனையைச் சுற்றிப் புதுத் தகரப் பட்டி அடித்து, பிடிக்கு நாடா சுற்றித் தந்தார்.

அதன் மதிப்பு எனக்குப் பிறகுதான் விளங்கியது. நல்ல மட்டை ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், தண்டு வேராகத் திரும்பும் இடத்திலிருந்து வர வேண்டும். அங்கேதான் மரத்தின் நார் தானாக வளைந்து ஓடும். அந்த வளைவு மட்டையின் முனைக்கு வலிமை தரும். நேரான பலகையை வளைவாக அறுத்தால் எளிதில் பிளந்துவிடும். அந்த மரங்கள் இப்போது இந்த நாட்டில் செத்துக்கொண்டிருக்கின்றன. நுனியிலிருந்து கருகிவரும் ஒரு பூஞ்சை நோய் 2012இல் இங்கே கண்டறியப்பட்டது. மட்டை செய்பவர்கள் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து மரம் தருவிக்கிறார்கள். மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும்கூடச் செய்கிறார்கள். அவர் நிலத்து வேலியோர ஆஷ் மரங்களும் போய்விட்டன. இனி விளையாத மரத்தில் தன் மகளுக்காகச் செய்து, இத்தனை காலம் பாதுகாத்ததை அறுத்து, வந்து சில ஆண்டுகளே ஆன ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். சுவரில் மாட்டி வைப்பதற்கா செய்தேன் என்றார்.

அவர் அத்தோடு விட்டுவிடவுமில்லை. பள்ளிக்கு அடுத்து, கையால் பந்தை அடித்து ஆடும் ஆட்டத்துக்காகக் கட்டிய பழைய உயரமான சுவர் ஒன்று உண்டு. பள்ளி விட்டதும், அவளை அழைத்துப்போகத் தோழியின் அம்மா வரும்வரை, கமோகி பயிற்சி தரும் ஆசிரியையும் அவரும் அங்கே நிற்பார்கள். வலப்பக்கம் உனக்கு வந்துவிட்டது, இனி இடப்பக்கம் மட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம் மட்டுமே அடிக்கத் தெரிந்தவரை எதிரணி சுலபமாக மடக்கிவிடும் என்பது அவர் கணக்கு. பழகாத பக்கத்தில் அடித்தால் முதலில் பந்தே மட்டையில் படாது. சுவரில் அடித்துத் திரும்பி வருவதைக் கீழே விடாமல் மறுபடி அடிக்க வேண்டும். எத்தனை முறை தொடர்ந்து அடிக்கிறாள் என்று அவர் எண்ணுவார்.

அன்றிரவு அவள் அந்த எண்ணைத் தொலைபேசியில் அப்பாவிடம் சொல்வாள். இன்று இரண்டு. இன்று மூன்று. இன்று மறுபடியும் இரண்டுதான், காற்று அதிகம். பேசச் சக்தியில்லாத நாட்களிலும் இவர் அந்த எண்ணைக் கேட்காமல் தூங்க மாட்டார். படுக்கைக்குப் பக்கத்திலிருந்த தாளில் அதை எழுதிவைக்கும்படி செவிலியரிடம் சொல்வாராம். இரத்தப் பரிசோதனையில் ஏறியும் இறங்கியும் வந்த எண்களைக் கேட்டுக்கேட்டு மனம் மரத்துப்போயிருந்த எங்களுக்கு, ஆசையோடு கேட்க ஓர் எண்ணை அந்தப் பெரியவர் கொடுத்திருந்தார். அவருக்கு இது தெரியாது. கூட்டம் முடிந்த பிறகு நான் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

பள்ளி அணி அரையிறுதியில் தோற்றது. எங்கள் பெண் மாற்று ஆட்டக்காரியாகக் கடைசிச் சில நிமிடங்கள் களத்தில் இருந்தாள், பந்தை இரண்டு முறை தொட்டாள். கோப்பை வாங்கிய பிள்ளைக்குத்தான் மேடை என்றால் அவளைச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. ஒரு குழந்தை எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க, தினமும் அருகில் நிற்கும் ஒருவர் வேண்டும். அந்தப் பள்ளியில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். அந்தப் பையன் அழுகையை நிறுத்திய நாளை யாரோ ஒருவர் மனத்தில் குறித்து வைத்திருந்ததால்தானே அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல முடிந்தது? அழைப்பிதழில் பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லாத அந்தக் கூட்டத்தைப் போல ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பகல் சாப்பாட்டை அவள் தொடவில்லை என்றால் எனக்குத் தெரியப்படுத்திய அலுவலகச் செயலாளர், வீட்டுப்பாடம் முடிக்காததை ஒருநாளும் கேட்காத வகுப்பாசிரியை, தினமும் அழைத்துப்போய்ச் சோறிட்ட தோழியின் அம்மா, கேக் விற்பனை வைத்து எங்கள் பயணச் செலவுக்குப் பணம் சேர்த்த பெற்றோர் சங்கம் எல்லாருக்கும் நன்றி. கார்லோவிலிருந்து ஞாயிறுதோறும் சாம்பாரும் பொரியலும் கட்டி அனுப்பிய அக்காவுக்கும், பணி நேரத்தை மாற்றிக்கொண்ட மருத்துவமனைத் தோழிகளுக்கும், நடு இரவில் டப்ளினுக்குக் கார் ஓட்டிய வாட்டர்ஃபோர்டு தம்பிகளுக்கும், எங்களுக்காகக் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் இவரையும் அழைத்துக்கொண்டு வரத்தான் போகிறேன்.

ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன். செப்டம்பரில் பள்ளி திறந்ததும், பணி இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் கமோகி பயிற்சிக்கு வந்து நிற்பதாக ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். ஆட்டம் எனக்குத் தெரியாது. முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்வேன், தண்ணீர் நிரப்புவேன், தலைக்கவசத்தின் பட்டியை மாட்டிவிடுவேன், எந்தப் பிள்ளை வெறுங்கையோடு வருகிறது என்று பார்ப்பேன். உடம்பு இன்னும் தேறியதும் அந்தப் பெரியவரிடம் தகரப் பட்டி அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இவர் சொல்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார்.

இந்தக் கோடையில் இன்னும் சில குடும்பங்கள் நம் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டேன். அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஒரு மட்டைப் பெட்டி வைக்கப்போகிறோம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்ததால் சின்னதாகிப்போன மட்டையோ தலைக்கவசமோ இருந்தால் தூக்கிப் போடாமல் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள். மட்டை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. சரிசெய்து தருவதாக அந்தப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
நான்காம் வகுப்பை முடித்தவளின் அம்மாவும் அப்பாவும்