ஊசி நோட்டும் மேனேஜரின் கையெழுத்தும்

குடியாத்தம்

அன்புள்ள ரஹீம்,

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் அப்பர் யூனிட்டுக்கு நீ மேனேஜர் ஆன சேதி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் அனைவரும் நலம். வெயில்தான் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது.

"எதைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள், பாதிப் பேரை மாற்றிவிடலாமா" என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. முதலில் ஸ்டிச்சிங் லைனில் உடைந்த ஊசி நோட்டை வாங்கிப் பார்.

முறை உனக்குத் தெரிந்ததுதான். ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டுகளைப் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். மெஷின் நம்பர், நேரம், ஆபரேட்டர் பெயர், சூப்பர்வைசர் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் புது ஊசி. முனை கிடைக்கவில்லை என்றால், பக்கிள் மாதிரி இரும்புச் சாமான் ஏறுவதற்கு முன்பே அந்தக் கட்டில் உள்ள பீஸ்கள் முழுவதும் மெட்டல் டிடெக்டரில் போக வேண்டும்.

அந்த நோட்டு வாரக்கணக்கில் காலியாக இருந்தால் மகிழ்ந்துவிடாதே. தோல் தைக்கிற இடத்தில் ஊசி உடையாமல் இருக்குமா? ஊசிப் பெட்டியின் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். அவர் டீக்குப் போனால் மெஷின் கால் மணி நேரம் சும்மா நிற்கும். மணிக்கு எத்தனை ஜோடி தைத்தார்கள் என்று எழுதும் போர்டில் கணக்கு குறையும், திட்டு ஆபரேட்டருக்கு விழும். அப்புறம் அந்தப் பெண் டிராயரில் நாலு ஊசி ஒளித்து வைக்காமல் என்ன செய்வாள்? உடைந்த முனை லைனிங்குக்குள் போய்விடும். இரண்டாவது சாவியை மாற்று ஆள் ஒருவரிடம் கொடு. ஊசி மாற்றிய நிமிடங்களை டார்கெட்டில் கழி. உடைந்ததைச் சொன்னவரை ஒரு வார்த்தை கேட்காதே. கேள்வி மறைத்தவருக்கு மட்டும்.

அபராதம் போடலாம் என்று உங்கள் ஆபீஸில் யாராவது கிளம்புவார்கள். சட்டப்படி, முன்பே ஒப்புதல் வாங்கி அறிவிப்பில் ஒட்டிய தவறுகளுக்கு மட்டுமே அபராதம். சம்பந்தப்பட்டவரை விசாரித்த பிறகே போட வேண்டும், அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்த பணமும் தொழிலாளர் நலனுக்கே போக வேண்டும். சட்டம் கிடக்கட்டும், அபராதம் வந்த மறுநாளே ரிஜெக்ட் பீஸ்கள் மேசைக்கடியில் போய்விடும்.

அடுத்தவரைக் கை காட்டும் பழக்கத்துக்கு, வேலைகளை எழுதிப் போடும் போர்டு ஒன்று வை. என்ன வேலை, யார், எந்தத் தேதி எத்தனை மணிக்குள், முடிந்ததற்கு என்ன சாட்சி என்று நாலு கட்டம் போதும். "யார்" கட்டத்தில் ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் எழுதினால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். "சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்" என்று எழுதுவதும் சும்மா விடுவதும் ஒன்றுதான். ஷிப்ட் தொடங்கும்போது போர்டு முன்னால் நின்றபடியே பத்து நிமிடம் பேசுங்கள். நாற்காலி போட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

தேதி தவறினால் பழையதை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுப் புதியதைப் பக்கத்தில் எழுதச் சொல். முடியாது என்று கெடுவுக்கு முன்பே சொல்பவரைக் குறை சொல்லக் கூடாது. மூன்றாவது முறையும் கோடு விழுந்தால் அந்த வேலை ஒரு படி மேலே, சூப்பர்வைசருடையது என்றால் உன் பெயருக்கு வர வேண்டும். அப்போது தெரிந்துவிடும், ஆளுக்கு வேலை தெரியவில்லையா, சாமான் கிடைக்கவில்லையா, மனசில்லையா என்று. தெரியாதவருக்குச் சொல்லிக் கொடு, சாமான் இல்லாதவருக்கு வாங்கிக் கொடு. மெமோ மூன்றாமவருக்கு மட்டும்தான். நம் பக்கத்து கம்பெனிகளில் மூவருக்கும் அதே மெமோதான் போகிறது.

இன்னொன்று, இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போர்டில் தொழிலாளிகள் பெயரே நிறைந்திருந்தால் ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். முதல் வரியில் உன் பெயர் இருக்கட்டும். பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் பக்கம் ஓடாத மின்விசிறி என்று அவர்கள் ஏற்கெனவே கேட்டு அலுத்ததைப் போடு. தேதி தவறினால் கோட்டையும் நீயே எல்லோர் எதிரிலும் போடு.

பக்ரீத்துக்கு அங்கே வருகிறேன். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
முருகன்